பெடல் ஸ்டீல் கிதார்: பழைய கருவிகளை அடையாளம் காணல்

பெடல் ஸ்டீல் கிதார் என்பது நான்கு கால்களின் மேல் கிடைமட்டமாக நிறுத்தி, அமர்ந்தபடி வாசிக்கப்படும் ஒரு மின் தந்தி இசைக்கருவி ஆகும். இடக்கையில் உருண்டையான எஃகுத் தண்டு ஒன்றைப் பிடித்துத் தந்திகளின் மேல் நகர்த்தி, வலக்கை விரல்களில் அணிந்த மீட்டுகளால் தந்திகளை மீட்டுவர். காலால் மிதிக்கும் மிதிகளும், முழங்காலால் தள்ளும் நெம்புகளும் குறிப்பிட்ட தந்திகளின் சுருதியை வாசிக்கும்போதே ஏற்றவும் இறக்கவும் செய்கின்றன. இதுவே இக்கருவியை மற்ற ஸ்டீல் கிதார்களிலிருந்து வேறுபடுத்துகிறது.

இக்கருவிகளைச் செய்தவை பெரும்பாலும் சிறிய பட்டறைகள். அவற்றுள் பல மூடப்பட்டுவிட்டன. ஒரே நிறுவனத்தின் கருவிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுபடுகின்றன. ஆகையால் பழைய கருவி ஒன்றைக் கைமாற்றாக வாங்குவோர் அது எந்த நிறுவனத்துடையது, எந்தக் காலத்தது, எந்தப் பொறியமைப்பு உடையது என்பவற்றை முதலில் அறிதல் வேண்டும். தவறாக அடையாளம் காணப்பட்ட கருவி, வாங்கியவருக்குச் சுருதி சேராத பாரமாக அமையக்கூடும். அரிய கருவி ஒன்று மதிப்பு அறியப்படாமல் உதிரிபாகங்களுக்காகப் பிரிக்கப்படவும் கூடும்.

பெயர்

இந்தியாவில் "ஸ்டீல் கிதார்" என்ற பெயர் பெரும்பாலும் ஹவாயன் கிதாரையே குறிக்கும். பிரிஜ் பூஷண் காப்ரா இந்துஸ்தானி இசையில் பயன்படுத்தியது அவ்வகைக் கருவியே. அதில் மிதிகள் இல்லை. மடியில் வைத்து வாசிக்கப்படுவது லேப் ஸ்டீல் எனவும், கால்களின் மேல் நிறுத்தப்பட்டும் மிதிகள் அற்றது கன்சோல் ஸ்டீல் எனவும் வழங்கப்படும். விற்பனை விளம்பரங்களில் இம்மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதப்படுவது உண்டு.

வரலாறு

தந்திகளின் மேல் எஃகை நகர்த்தி வாசிக்கும் முறை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில் தோன்றியது. ஜோசப் கெக்குக்கு என்பவர் இதனை உருவாக்கியவராகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறார். 1932 இல் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் மின் லேப் ஸ்டீல் விற்பனைக்கு வந்தது. வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் கொண்டிருந்ததால் அது "வறுசட்டி" என்ற பட்டப்பெயர் பெற்றது.

ஒரே சுருதி அமைப்பில் எல்லா நாதக்கூட்டுகளையும் வாசிக்க இயலாமையால், இரண்டு, மூன்று, நான்கு கழுத்துகள் உடைய கன்சோல் கருவிகள் செய்யப்பட்டன. கழுத்துகளைக் கூட்டுவதற்கு மாற்றாகவே மிதிகள் அறிமுகமாயின. கிப்சன் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் எலெக்ட்ராஹார்ப் என்ற மிதிக் கருவியை வெளியிட்டது. இந்தியானாபொலிஸ் நகரின் ஹார்லின் சகோதரர்கள் மல்டிகார்ட் என்ற கருவியைச் செய்தனர். கலிபோர்னியாவில் பால் பிக்ஸ்பி தனித்தனி வாசிப்பாளர்களுக்காகச் செய்த கருவிகளுள் 1948 இல் ஸ்பீடி வெஸ்ட் பெற்ற கருவி புகழ்பெற்றது.

தொடக்கத்தில் மிதிகள் ஒரு சுருதி அமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்கே பயன்பட்டன. 1953 இல் பதிவாகி 1954 இல் அமெரிக்க நாட்டுப்புற இசைப் பட்டியலில் முதலிடம் பெற்ற வெப் பியர்ஸின் "ஸ்லோலி" பாடலில், பட் ஐசக்ஸ் தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தினார். ஒரு தந்தி அசையாமல் நிற்க மற்றொன்று வழுக்கி ஏறும் அந்த ஒலியே பின்னர் இக்கருவியின் அடையாளம் ஆயிற்று.

1950களின் நடுப்பகுதியில் ஷாட் ஜாக்சன், பட்டி எம்மன்ஸ் ஆகிய இருவரும் நாஷ்வில் நகரில் ஷோபட் நிறுவனத்தைத் தொடங்கினர். இருவரின் பெயர்களும் இணைந்ததே ஷோபட் ஆகும். எம்மன்ஸ் 1963 இல் பிரிந்து தம் பெயரிலேயே மற்றொரு நிறுவனம் காண்பதில் பங்கு கொண்டார். அதன் தொழிற்சாலை வட கரோலினா மாநிலத்தின் பர்லிங்டனில் இருந்தது. ஃபெண்டர் நிறுவனம் 1957 முதல் 1000, 400 ஆகிய மாதிரிகளையும், 1964 இல் 800, 2000 ஆகிய மாதிரிகளையும் வெளியிட்டது. டெக்சாஸில் எம்எஸ்ஏ, இசட்பி கஸ்டம் ஆகியனவும், தென் கரோலினாவில் மார்லனும், கனெக்டிகட்டில் டெக்லியும், ஓரிகனில் சியேராவும் பின்னர் தோன்றின.

அமைப்பு

உடல் பெரும்பாலும் மேப்பிள் மரத்தால் ஆனது. மரத்தின் மேல் அரக்குப் பூச்சு இருக்கும். அல்லது சன்மைக்கா போன்ற தகடு ஒட்டப்பட்டிருக்கும். வாசிப்பவரின் இடப்பக்கம் பிரடைகள் அமைந்த தலைப்பகுதியும், வலப்பக்கம் சேஞ்சர் எனப்படும் சுருதி மாற்றியும் உள்ளன. ஒவ்வொரு தந்தியும் சேஞ்சரில் உள்ள ஓர் உலோக "விரலின்" மேல் வளைந்து முடிகிறது. உடலின் அடியில் குறுக்குத் தண்டுகளும் இழுகம்பிகளும் செல்கின்றன. மிதியை அழுத்தும்போது குறுக்குத் தண்டு சுழன்று, இழுகம்பி விரலை அசைத்து, தந்தியின் இறுக்கத்தை மாற்றுகிறது.

கழுத்துகளையும் தந்திகளையும் கொண்டு கருவிகள் சுருக்கப் பெயர்களால் வழங்கப்படுகின்றன.

* எஸ்-10: ஒரு கழுத்து, 10 தந்திகள்.
* டி-10: இரண்டு கழுத்துகள், ஒவ்வொன்றிலும் 10 தந்திகள்.
* எஸ்டி-10: இரட்டைக் கழுத்துக்குரிய அகன்ற உடலில் ஒரு கழுத்து மட்டும். மற்ற இடத்தில் கை வைக்கும் மெத்தை இருக்கும்.
* எஸ்-12: ஒரு கழுத்து, 12 தந்திகள். பெரும்பாலும் இரு சுருதி அமைப்புகளையும் ஒன்றாக்கியது.

சுருதி அமைப்புகள்

இன்று பெருவழக்கில் உள்ளவை இரண்டு. நாட்டுப்புற இசைக்கு ஈ9 அமைப்பும், ஸ்விங், ஜாஸ் இசைகளுக்கு சி6 அமைப்பும் பயன்படுகின்றன. இரட்டைக் கழுத்துக் கருவியில் வாசிப்பவருக்குத் தொலைவில் உள்ள கழுத்து ஈ9, அருகில் உள்ளது சி6 ஆகும்.

ஈ9 அமைப்பில் முதல் தந்தி தொடங்கிப் பத்தாம் தந்தி வரை: எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி.

சி6 அமைப்பில் அதே வரிசையில்: ஜி, ஈ, சி, ஏ, ஜி, ஈ, சி, ஏ, எஃப், சி.

ஈ9 கழுத்தின் மூன்று மிதிகள் ஏ, பி, சி எனப்படும். ஏ மிதி 5, 10 ஆம் தந்திகளை பி இலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றும். பி மிதி 3, 6 ஆம் தந்திகளை ஜி ஷார்ப்பிலிருந்து ஏ சுருதிக்கு ஏற்றும். சி மிதி 4 ஆம் தந்தியை ஈ இலிருந்து எஃப் ஷார்ப்புக்கும், 5 ஆம் தந்தியை பி இலிருந்து சி ஷார்ப்புக்கும் ஏற்றும். இடமிருந்து வலமாக ஏ, பி, சி என அமைந்தால் அது எம்மன்ஸ் அமைப்பு. சி, பி, ஏ என அமைந்தால் ஜிம்மி டே பெயரால் டே அமைப்பு எனப்படும். இரண்டும் ஒரே இசையைத் தருவன. ஆனால் ஒன்றில் பழகிய கால் மற்றொன்றில் தடுமாறும். கருவியைக் கவிழ்த்து, இடக்கோடி மிதியின் இழுகம்பிகள் எந்தத் தந்திகளுக்குச் செல்கின்றன எனப் பார்த்தால் வகை தெரிந்துவிடும்.

முழங்கால் நெம்புகளுள் இன்றியமையாதவை 4, 8 ஆம் தந்திகளை ஈ இலிருந்து எஃப் சுருதிக்கு ஏற்றுவதும், அதே தந்திகளை டி ஷார்ப்புக்கு இறக்குவதும் ஆகும். இக்காலப் பாடநூல்கள் பெரும்பாலும் மூன்று மிதிகளும் குறைந்தது நான்கு நெம்புகளும் இருப்பதாகக் கொண்டே எழுதப்படுகின்றன.

பொறியமைப்பு வகைகள்

பெயர்ப்பலகை இல்லாத கருவியை அடையாளம் காணப் பொறியமைப்பே சிறந்த சான்று. பெயர்ப்பலகையைக் கழற்றி மாற்றலாம், பிக்கப்பை மாற்றலாம், பொறியமைப்பை முழுவதும் மாற்றுதல் அரிது.

* வடக் கம்பி முறை: மிதிகளுக்கும் சேஞ்சருக்கும் இடையே முறுக்கிய எஃகு வடங்கள் செல்லும். ஃபெண்டர் 400, 1000 ஆகியவற்றில் இதனைக் காணலாம்.
* இழு-விடு முறை: ஒரே விரல் இழுக்கப்பட்டுச் சுருதி ஏறும், பிடித்து வைக்கப்பட்ட நிலையிலிருந்து விடப்பட்டுச் சுருதி இறங்கும். மார்லன் கருவிகள் பல இவ்வகையின.
* தள்ளு-இழு முறை: ஏற்றுவதற்குக் கம்பி இழுக்கும், இறக்குவதற்குத் தள்ளும். 1960களின் எம்மன்ஸ் கருவிகளுக்கு உரியது. விரல் ஒரே துண்டாக அமைவதால் ஒலி சிறப்பாக இருப்பதாக வாசிப்பாளர் பலர் கருதுவர். ஆனால் மிதிகளின் வேலையை மாற்றி அமைப்பது கடினம்.
* முழு இழு முறை: விரல் கத்தரிக்கோல் போல இணைந்த பகுதிகளால் ஆனது. ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் கம்பி இழுக்கவே செய்யும். வலப்பக்க முனைத்தகட்டின் துளைகளில் நைலான் நட்டுகள் தெரியும். அவற்றைத் திருகிச் சுருதி சேர்ப்பர். இக்காலக் கருவிகளுள் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை.

முழு இழு முறையில் ஒரு தந்திக்கு உரிய துளைகளின் எண்ணிக்கை, அத்தந்தியில் எத்தனை ஏற்றங்களும் இறக்கங்களும் செய்யலாம் என்பதைக் காட்டும். துளைகள் குறைவாக உள்ள சேஞ்சரில் பின்னர் நெம்புகள் கூட்டுவதற்கு வாய்ப்பும் குறைவு.

ஷோபட் நிறுவனம் காலந்தோறும் பல அமைப்புகளைக் கையாண்டது. முதலில் வந்தது மாற்றி அமைத்தற்கு அரிய "பெர்மனென்ட்", அடுத்து "ஃபிங்கர்டிப்", அதன் பின் "ரேக் அண்ட் பேரல்", இறுதியில் இருதுளை இழுப்பான் அமைப்பு. எனவே ஷோபட் கருவியின் அடிப்பக்கத்தைப் பார்த்தே அதன் காலத்தைத் தோராயமாக வரையறுக்கலாம்.

நிறுவனங்களின் அடையாளங்கள்

பிக்ஸ்பி: அழகிய கண்புள்ளி மேப்பிள் மரமும் வார்ப்பு அலுமினியப் பாகங்களும் கொண்டவை. பல கருவிகளின் முகப்பில் உரிமையாளரின் பெயர் பதிக்கப்பட்டிருக்கும். பிக்ஸ்பி தம் கருவிகளில் தொடர் எண்ணாக அவை முடிந்த நாளையே பொறித்தார். மாதம், நாள், ஆண்டு என அவ்வெண்ணைப் பிரித்துப் படிக்கலாம். இவை மிகச் சிலவே செய்யப்பட்டன.

ஃபெண்டர்: 400 மாதிரி ஒரு கழுத்தில் 8 தந்திகளும், 1000 மாதிரி இரு கழுத்துகளில் எட்டெட்டுத் தந்திகளும் கொண்டவை. 800, 2000 ஆகியவை பத்துத் தந்தி உடையவை. 400, 1000 ஆகியவற்றில் பொதுவாக முழங்கால் நெம்புகள் இல்லை. 24½ அங்குலம், 23 அங்குலம் ஆகிய இரு தந்தி நீளங்களிலும் ஃபெண்டர் கருவிகள் கிடைப்பதால் அளந்து அறிதல் நன்று. பிங்க் ஃப்ளாய்டு குழுவின் டேவிட் கில்மோர் பயன்படுத்தியது 1000 மாதிரியாகும்.

ஷோபட்: கட்டைப் பலகையில் சீட்டாட்டக் குறிகளான இஸ்பேட், ஆடுதன், டைமன், கிளாவர் ஆகியவை பதிக்கப்பட்டிருப்பது இதன் புகழ்பெற்ற அடையாளம். மேவரிக் என்பது தொடக்க மாணவர்க்கான பத்துத் தந்திக் கருவி. இதில் மூன்று மிதிகளும் ஒரே ஒரு முழங்கால் நெம்பும் உண்டு. பிந்திய மேவரிக் கருவிகளில் மரத்தின் மேல் மரவரி அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கும். ஒரே தந்தியை ஏற்றவும் இறக்கவும் இயலாத எளிய அமைப்பு என்பதால், பாடநூலில் உள்ள எல்லாவற்றையும் இதில் வாசிக்க முடியாது. ஷோபட் முத்திரை கண்டு, மேவரிக்கை உயர்ந்த மாதிரியின் விலைக்கு வாங்குவது பொதுவான தவறு ஆகும்.

இசட்பி கஸ்டம்: முழங்கால் நெம்பு வளர்ச்சியில் முன்னோடியான ஸேன் பெக் என்பவரின் பெயர் எழுத்துகளைக் கொண்டது. பின்னர் டாம் பிரம்லி இந்நிறுவனத்தை நடத்தினார். 1970 இல் வெளியான "டீச் யுவர் சில்ட்ரன்" பாடலில் ஜெர்ரி கார்சியா வாசித்தது இசட்பி கருவியே.

மல்டிகார்ட், எலெக்ட்ராஹார்ப்: ஆறு அல்லது எட்டுத் தந்திகள் உடைய முற்காலக் கருவிகள். சேகரிப்போருக்கும், பழைய பாணியில் வாசிப்போருக்கும் ஏற்றவை. ஈ9 பயில விரும்புவோருக்குப் பொருந்தா.

இவையன்றி, இயந்திரப் பட்டறைகளில் தனியார் ஒன்றிரண்டாகச் செய்த பெயரற்ற கருவிகளும் உண்டு. அவற்றுள் சில மிகச் சிறந்தவை. ஆனால் உதிரிபாகங்கள் வேறெங்கும் கிடையா. உடைந்த பாகத்தைக் கடைசல் பட்டறையில் புதிதாகச் செய்வித்தல் வேண்டும்.

காலத்தை அறிதல்

தொடர் எண் பட்டியல் இல்லாத கருவிகளில் மின்பாகங்கள் உதவும். அமெரிக்கப் பொட்டென்சியோமீட்டர்களின் முதுகில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் செய்தவரைக் குறிக்கும்: 137 என்பது சிடிஎஸ், 304 என்பது ஸ்டாக்போல். இறுதி இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், அவற்றுக்கு முன்னுள்ள ஒன்று அல்லது இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் தரும். சான்றாக 1377432 என்பது சிடிஎஸ் நிறுவனம் 1974 ஆம் ஆண்டின் 32 ஆம் வாரத்தில் செய்ததாகும். கருவி அந்த நாளுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்பதே இதன் பொருள். அப்பாகம் பின்னாளில் மாற்றப்பட்டிருந்தால் இந்தச் சான்றும் பயன்படாது. பெடல் ஸ்டீல் கருவிகள் பலவற்றில் உடலில் ஒலியளவுக் கட்டுப்பாடே இருப்பதில்லை. தரையில் வைக்கும் தனி மிதியே அவ்வேலையைச் செய்கிறது.

வாங்குமுன் ஆய்தல்

கைமாற்றுச் சந்தைக்கு வரும் கருவிகளுள் பல, வாசித்தவர் மறைந்த பின் குடும்பத்தினரால் விற்கப்படுவன. பெட்டியில் உள்ளவை எவை, இல்லாதவை எவை என்பது விற்பவருக்கே தெரிந்திராது. ஆகவே பின்வரும் ஒழுங்கில் ஆய்வது வழக்கம்.

# பாகங்கள்: நான்கு கால்கள், மிதிச்சட்டம், ஒவ்வொரு மிதிக்கும் உரிய தொங்குகம்பி, பெட்டி ஆகியவற்றை எண்ணிப் பார்த்தல். கால்களின் மரைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கால்கள் இல்லாத கருவி நிற்காது. தொங்குகம்பி இல்லாத மிதி இயங்காது.
# அடிப்பக்கம்: கருவியைக் கவிழ்த்துத் துரு, வளைந்த கம்பிகள், அறுந்த சுருள்வில்கள், விரிசல் விட்ட வார்ப்புப் பாகங்கள் ஆகியவற்றைப் பார்த்தல். துத்தநாகக் கலப்பு வார்ப்புகள் காலப்போக்கில் நொறுங்கக்கூடும். அழுக்கும் உலர்ந்த எண்ணெயும் தீர்க்கக்கூடிய குறைகள். உடைந்த வார்ப்பு அவ்வாறு அன்று.
# தந்திகள்: பழைய தந்திகளோடு எந்த முடிவுக்கும் வருதல் கூடாது. ஈ9 அமைப்பின் 3 ஆம் தந்தி 0.011 அங்குலத் தடிப்பே உடையது, எளிதில் அறும். புதிய தந்திகள் பூட்டிய பின்னரே மற்றச் சோதனைகள் பொருள் உடையன.
# திரும்பும் தன்மை: ஒவ்வொரு மிதியையும் நெம்பையும் பலமுறை இயக்கி, விட்டபின் தந்தி பழைய சுருதிக்கே திரும்புகிறதா எனச் சுருதிமானியில் பார்த்தல். திரும்பாவிடில் சேஞ்சர் தூய்மை செய்யப்பட வேண்டும், அல்லது விரலும் அதன் அச்சும் தேய்ந்திருக்கலாம்.
# உடல் வளைவு: ஏ, பி மிதிகளைச் சேர்த்து அழுத்தி, அவற்றோடு தொடர்பில்லாத 4 ஆம் தந்தியைக் கவனித்தல். உடல் சிறிது வளைவதால் அதன் சுருதி சற்றே இறங்கும். சில சென்ட் அளவு இறங்குவது எல்லாக் கருவிகளிலும் உள்ளதே. காதுக்கே தெரியும் அளவுக்கு இறங்கினால் உடலிலோ இணைப்புகளிலோ குறை உண்டு.
# தளர்ச்சி: நெம்புகளும் மிதிகளும் பக்கவாட்டில் ஆடுகின்றனவா எனப் பார்த்தல்.
# பிக்கப்: ஒவ்வொரு தந்தியும் சம அளவில் ஒலிக்கிறதா எனக் கேட்டல். பிக்கப்பை மீண்டும் சுற்றவோ மாற்றவோ இயலும். எனவே இது மட்டும் கருவியை மறுப்பதற்குக் காரணம் ஆகாது.
# எடை: இரட்டைக் கழுத்துக் கருவி பெட்டியோடு 27 கிலோகிராமுக்கும் மேல் இருக்கக்கூடும். அனுப்பும் செலவும், வழியில் அடிபடும் இடரும் விலையோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

நேரில் பார்க்க இயலாதபோது முகப்பின் படங்களைவிட அடிப்பக்கத்தின் படமும், வலப்பக்க முனைத்தகட்டின் படமும் மிகுதியாகப் பயன்படும். இவ்விரண்டையும் தர மறுக்கும் விற்பனை ஐயத்துக்கு உரியது.

தேர்வு

எத்தகைய கருவி ஏற்றது என்பது நோக்கத்தைப் பொறுத்தது. முதன்முதலாகப் பயில்வோருக்கு, புகழ்பெற்ற பெயரைவிட, மூன்று மிதிகளும் நான்கு நெம்புகளும் உடைய, உதிரிபாகங்கள் கிடைக்கக்கூடிய, முழு இழு முறை எஸ்-10 கருவி பொருத்தமானது. எட்டுத் தந்திக் கருவியோ மேவரிக்கோ விலை குறைவாகக் கிடைப்பினும், அவற்றில் பாடத்தைத் தொடர முடியாமல் பயிற்சியையே கைவிடும் நிலை ஏற்படலாம். தவறு தம்முடையது எனக் கருதி விலகுவோர் பலர்; உண்மையில் குறை கருவியின் அமைப்பில் இருக்கும்.

மாறாக, பழைய கருவியைச் சேகரிப்போரும், குறிப்பிட்ட காலத்தின் ஒலியை நாடுவோரும் மூல நிலையையே மதிப்பர். அத்தகைய கருவிகளில் கழற்றப்படும் ஒவ்வொரு மூலப் பாகத்தையும், பயன்படாவிடினும், பெட்டியிலேயே வைத்துக் காத்தல் முறையாகும். அடிப்பக்கத்தில் பென்சிலால் எழுதப்பட்ட நாள், கையெழுத்து, பழைய சுருதிச் சீட்டு ஆகியனவும் அழிக்கப்படலாகாது. மூடப்பட்ட பட்டறை ஒன்றின் வரலாறு சில வேளைகளில் அவற்றில் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

இவற்றையும் பார்க்க

* கிதார்
* ஹவாயன் கிதார்
* லேப் ஸ்டீல் கிதார்
* மோகன வீணை

பகுப்புகள்: தந்தி இசைக்கருவிகள் | மின் இசைக்கருவிகள் | அமெரிக்க இசை